சாக்ஸபோன் ஓதிய சங்கீதம்: ஜான் கோல்ட்ரேனின் வாழ்வும் ‘எ லவ் சுப்ரீம்’ இசைத்தட்டும்

அருளுரையியல் வகுப்பு முடிந்த ஒரு மாலையில் இறுதியாண்டு மாணவர் ஒருவர் என் அறைக்கு வந்தார். அடுத்த வாரம் சிற்றாலயத்தில் மாலை வழிபாட்டை நடத்த வேண்டிய முறை அவருடையது. திருமறை வாசகத்துக்குப் பின், சிற்றுரைக்குப் பதிலாக, ஜாஸ் இசைப் பதிவு ஒன்றை ஏழு நிமிடம் ஒலிக்கச் செய்யலாமா என்று கேட்டார். “ஐயா, இதுவும் ஒரு சங்கீதந்தான்” என்றார். இசைத்தவர் யாரென்று வினவினேன். ஜான் கோல்ட்ரேன் என்னும் அமெரிக்கக் கறுப்பின சாக்ஸபோன் கலைஞர் என்றார். பெயரளவில் நான் அறிந்தவரே. போதைப் பழக்கத்துக்கு ஆளாகியிருந்தவர், இரவு விடுதிகளில் வாசித்தவர், எல்லாச் சமயங்களையும் நம்புவதாகச் சொன்னவர் என்னும் மூன்று செய்திகள் என் நினைவில் இருந்தன. அம்மூன்றையும் எடுத்துக்கூறி அனுமதி மறுத்தேன். மாணவர் வாதாடவில்லை. அவ்வாரம் அவர் ஆற்றிய சிற்றுரை ஒழுங்காகவே அமைந்தது. அதில் ஒரு சொல்லும் இன்று என் நினைவில் இல்லை.

நான் சொன்ன மூன்று செய்திகளும் உண்மையே. ஆயினும் மூன்று உண்மைகளைக் கொண்டு ஒரு மனிதரை வாசலுக்கு வெளியே நிறுத்திவிடுவது எத்துணை எளிது என்பதை, பின்னர் அவ்விசைத்தட்டைப் பலமுறை கேட்டும் அவர் வரலாற்றைப் படித்தும் உணர நேர்ந்தது. ஒரு போதகர் தாம் கொடுத்த தீர்ப்பை மறுபடியும் விசாரிப்பதாகவே இக்கட்டுரையை வாசகர் கொள்ளலாம். தீர்ப்பு முழுவதும் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

கோல்ட்ரேன் 1926ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள் வட கரோலினா மாநிலத்தில் ஹாம்லெட் என்னும் சிற்றூரில் பிறந்தார். அம்மாநிலத்து ஹை பாயிண்ட் நகரில் வளர்ந்தார். தந்தைவழிப் பாட்டனார், தாய்வழிப் பாட்டனார் ஆகிய இருவருமே ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எப்பிஸ்கோப்பல் சியோன் திருச்சபையின் போதகர்கள். வெள்ளையரின் மெதடிஸ்ட் சபையில் சமமாக நடத்தப்படாத கறுப்பின விசுவாசிகள் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் நியூயார்க்கில் தனியே கூடியதால் உருவான சபை அது. அடிமை ஒழிப்புக்குப் போராடிய பிரடெரிக் டக்ளசும் ஹாரியட் டப்மனும் அச்சபையைச் சார்ந்தோரே. தாய்வழிப் பாட்டனார் வில்லியம் பிளேர் பல சபைகளைக் கண்காணிக்கும் பொறுப்பிலிருந்தவர். சிறுவன் வளர்ந்தது அவருடைய இல்லத்தில். ஆகவே அவன் காதில் முதலில் விழுந்த பேருரைகள் பிரசங்கங்களாகவும், முதலில் விழுந்த பாடல்கள் ஆலயப் பாடல்களாகவும் இருந்திருக்கும் என்று கருதுவதில் பிழையில்லை. தையற்காரரான தந்தை பொழுதுபோக்காக வயலின் வாசிப்பவர். 1938ஆம் ஆண்டின் இறுதியிலும் அடுத்த ஆண்டின் தொடக்கத்திலுமாகப் பாட்டனாரும் தந்தையும் அடுத்தடுத்து மறைந்தனர். 12 வயதுச் சிறுவன் இசையைப் பற்றிக்கொண்டது அக்காலத்தில்தான். அவனுக்குக் குழலைக் கையிற்கொடுத்துக் கற்பித்த ஊர் இசைக்குழுவை நடத்தியவரும் ஒரு போதகரே. வாரன் ஸ்டீல் என்பது அவர் பெயர். நம் சேகரங்களில் பேண்டு வாத்தியம் பழக்கும் ஆயர்கள் சிலர் உண்டு. அவ்வூழியத்தை நாம் ஆண்டறிக்கையில் ஒரு வரியாகவும் குறிப்பதில்லை.

1943இல் பிலடெல்பியா நகருக்குச் சென்றார். கடற்படையில் ஓராண்டுப் பணி. அதன் பின் பல குழுக்களில் கூலிக்கு வாசிக்கும் வாழ்க்கை. அக்கால ஜாஸ் கலைஞரிடையே ஹெராயின் பரவலாக இருந்தது. அவர்களனைவரும் குருவெனப் போற்றிய சார்லி பார்க்கர் 1955இல் 34ஆம் வயதில் மடிந்தார். கோல்ட்ரேனும் ஹெராயினுக்கும் மதுவுக்கும் அடிமையானார். 1954இல் ஜானி ஹாட்ஜஸ் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். மறு ஆண்டு மைல்ஸ் டேவிஸ் என்னும் பெருங்கலைஞர் அவரைத் தம் குழுவில் சேர்த்துக்கொண்டார். 1957இல் அவரும் பொறுமையிழந்து வெளியேற்றினார். அப்போது கோல்ட்ரேனுக்கு வயது 30.

அவ்வாண்டில் பிலடெல்பியாவில் தம் தாயாரின் வீட்டில் தங்கி, மருந்தின் துணையின்றி, ஹெராயினை அடியோடு விட்டார். இதுவரை சொன்னது நம் நற்செய்திக் கூட்டங்களில் நாம் கேட்டுப் பழகிய சாட்சியைப் போன்றது: நல்ல குடும்பம், தவறிய பாதை, இருண்ட அறை, விடுதலை. இத்தகைய சாட்சிகள் பெரும்பாலும் இங்கே நிறைவுறும். பேசுபவர் அமர்வார், பாடற்குழு எழுந்து நிற்கும்.

கோல்ட்ரேன் வேறு வழியில் சென்றார். தமக்கு நேர்ந்ததைக் குறித்து அவர் பகிரங்கமாக எழுதியது ஏழாண்டுகளுக்குப் பின்னரே. 1964 டிசம்பர் 9ஆம் நாள் நியூ ஜெர்சி மாநிலத்தில் வான் கெல்டர் என்பவரின் ஒலிப்பதிவுக் கூடத்தில் ‘எ லவ் சுப்ரீம்’ பதிவாயிற்று. ஒப்பற்ற அன்பு என்று அத்தலைப்புக்குப் பொருள் கொள்ளலாம். 1965 ஜனவரியில் வெளிவந்த அத்தட்டின் உறையில் கேட்போருக்குத் தாமே ஒரு கடிதம் எழுதியிருந்தார். 1957இல் கடவுளின் கிருபையால் தமக்கு ஆவிக்குரிய விழிப்பு உண்டானதென்றும், தம் இசையால் பிறரை மகிழ்விக்கும் பேற்றை அன்று தாழ்மையாய் வேண்டினாரென்றும், அது அருளப்பட்டதாக உணர்வதாகவும் அக்கடிதத்தில் அறிக்கையிடுகிறார். அதற்கடுத்து அவர் எழுதுவதே என்னை நிறுத்தியது. காலம் செல்லச் செல்ல உறுதி தளர்ந்ததென்றும், கொடுத்த வாக்குக்கு முரணான ஒரு காலத்தினுள் தாம் புகுந்து உயர்ந்த பாதையை விட்டு விலகியதாகவும், கடவுளின் இரக்கமுள்ள கரமே மீண்டும் தமக்கு உணர்த்தியதாகவும் ஒளிக்காமல் சொல்லுகிறார்.

விலகியது எதில் என்று அவர் விவரிக்கவில்லை. நானும் ஊகிக்கப் போவதில்லை. முதல் மனைவி நைமாவை 1963இல் பிரிந்ததும், மணமுறிவு முடியுமுன்னரே ஆலிஸ் என்னும் பியானோ கலைஞரோடு இல்லறம் தொடங்கியதும் வரலாறு. ஒரு போதகன் இவற்றைக் காணாததுபோல் கடந்து செல்லலாகாது. ஆனால் கடிதத்தின் ஆசிரியரே தம்மை உத்தமராகக் காட்டவில்லையே! கிருபை பெற்ற பின்னும் தவறியதைத் தம் பெருமைக்குரிய இசைத்தட்டின் உறையிலே அச்சிட்டவர் அவர். இரட்சிப்பு அடைந்த தேதியைச் சொல்லத் தெரிந்த நம்மவர் பலருக்கு, அத்தேதிக்குப் பிற்பட்ட ஆண்டுகளைப் பற்றிப் பேச ஒரு மொழியே இல்லை. என் முப்பதாண்டு ஊழியத்தில், மனந்திரும்பிய பின்னர் தாம் விழுந்ததைச் சபைமுன் சொன்ன ஒருவரையும் நான் கண்டதில்லை. அப்படிச் சொல்ல எவரையும் நான் அழைத்ததுமில்லை.

அந்த ஏழாண்டுகளும் வீணே கழிந்தவை அல்ல. 1957இலேயே தெலோனியஸ் மங்க் என்னும் பியானோ மேதையிடம் மாணவரைப்போல் அமர்ந்து கற்றார். மீண்டும் மைல்ஸ் டேவிஸுடன் சேர்ந்து 1959இல் ‘கைண்ட் ஆஃப் புளூ’ என்னும் புகழ்பெற்ற பதிவில் வாசித்தார். அதே ஆண்டில் பதிவான ‘ஜயண்ட் ஸ்டெப்ஸ்’ அவருடைய சொந்தப் படைப்பு. 1960இல் பதிவான ‘மை ஃபேவரிட் திங்ஸ்’ எளிய மேடைநாடகப் பாடல் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஏறக்குறைய ஒரே சுருதியில் நின்று விரித்துக்கொண்டே போவது. அதற்குள் மக்காய் டைனர் பியானோவிலும் எல்வின் ஜோன்ஸ் முரசிலும் வந்து சேர்ந்துவிட்டனர். பின்னர் ஜிம்மி கேரிசன் பெருவயலினில் இணைந்தார். இந்நால்வர் குழுவே ‘எ லவ் சுப்ரீம்’ படைத்தது.

ஜாஸ் இசைக்குப் பழக்கமில்லாத வாசகர்க்கு ஓரிரு சொற்கள். சாக்ஸபோன் என்னும் குழலை நம்மில் பலர் கத்ரி கோபால்நாத் அவர்களின் கருநாடக இசை வழியாக அறிவோம். அவர் பெரும்பாலும் கையாண்டது ஆல்ட்டோ வகை. கோல்ட்ரேனின் முதன்மைக் கருவி அதனினும் பெரிய, தடித்த குரலுடைய டெனர் வகை. ஜாஸ் கலைஞர் ஒரு மெட்டையும் அதன் சுர அடுக்குகளையும் அடிப்படையாகக் கொண்டு, அவ்வப்போது தோன்றும் கற்பனையால் விரித்து வாசிப்பர். நம் ஆலாபனையும் கற்பனாசுரமும் அறிந்தவர்க்கு இது வியப்பன்று. வேறுபாடு யாதெனின், அங்கே நால்வரும் ஒரே வேளையில் கற்பனை செய்வர். பக்கவாத்தியம் என்று ஒதுங்கி நிற்பவர் இலர்.

இத்தட்டைக் கேட்குமுன் 1963இல் பதிவான ‘அலபாமா’ என்னும் சிறு இசையைக் கேட்பது நல்லது. அவ்வாண்டு செப்டம்பர் 15ஆம் நாள் ஞாயிறு காலை, அலபாமா மாநிலத்துப் பர்மிங்காம் நகரில் 16ஆம் தெரு பாப்டிஸ்ட் ஆலயத்தில் இனவெறியர் வைத்த வெடிகுண்டால் நான்கு சிறுமியர் மாண்டனர். மூவருக்கு வயது 14, ஒருத்திக்கு 11. ‘மன்னிக்கும் அன்பு’ என்பது அன்றைய ஓய்வுநாள் பள்ளிப் பாடத்தின் தலைப்பு. இரண்டு மாதங்களுக்குப் பின் கோல்ட்ரேன் இதனைப் பதிவு செய்தார். பாடற்சொற்கள் இல்லை, விளக்கம் இல்லை, மாநிலத்தின் பெயர் மட்டுமே தலைப்பு. பியானோவின் தாழ்ந்த முழக்கத்தின்மேல் குழல் மெல்ல, நிறுத்தி நிறுத்திப் பேசுகிறது. நடுவில் குழுவினர் வழக்கமான நடையில் சற்றே வாசிக்கத் தொடங்கி, மீண்டும் அந்தப் புலம்பலுக்கே திரும்புகின்றனர். புலம்பற் சங்கீதங்களை வகுப்பில் கற்பிக்கும்போது, அவற்றுட் பல இறுதியில் துதியாக மாறுகின்றன என்று விரைந்து சொல்லிவிடுகிறோம். 88ஆம் சங்கீதம் அப்படி மாறுவதில்லை. ‘அலபாமா’வும் மாறுவதில்லை.

இனி ‘எ லவ் சுப்ரீம்’. அது 33 நிமிட அளவில் நான்கு பகுதிகளாக அமைந்தது. பெயர்களைத் தமிழில் அறிக்கை, தீர்மானம், நாடுதல், சங்கீதம் என்று சொல்லலாம். வெண்கலச் சேகண்டியின் ஒலியோடு தொடங்கி, குழல் ஓர் அழைப்பு விடுக்கிறது. பின்னர்ப் பெருவயலின் நான்கே சுரங்களாலான ஒரு சிறு தொடரை எடுக்கிறது. முதற்பகுதி முழுவதும் அதன்மேல் எழுப்பப்பட்டதே. சாக்ஸபோன் வெகுதொலைவு சென்று திரும்பி, இறுதிப் பாகத்தில் அந்த நான்கு சுரங்களையே பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சுருதியாக மாற்றி மாற்றிப் பன்னிரண்டு சுருதிகளிலும் வாசித்துப் பார்க்கிறது. எந்தப் படியில் வைத்தாலும் அது அதுவாகவே நிற்கிறது. 139ஆம் சங்கீதத்தில் வானத்துக்கு ஏறினாலும் பாதாளத்துக்கு இறங்கினாலும் கடவுளின் கண்ணுக்குத் தப்பமுடியாமற் தவிக்கும் மனிதனை நான் இவ்விடத்தில் நினைத்தேன். அதன்பின் குழல் ஓய்ந்து, மனிதக் குரல் அந்நான்கு சுரங்களில் தட்டின் தலைப்பை மட்டும் திரும்பத் திரும்பச் செபிக்கிறது. வாசித்து முடிந்த பிறகே சொல் வருகிறது. பிரசங்க வசனத்தை முதலில் அறிவித்து, அதை மூன்று தலைப்புகளாகப் பிரித்துக்கொள்ளும் நம் முறைக்கு இது நேர்மாறு. முதலாண்டு மாணவர் ஒருவர் இப்படிப் பிரசங்கம் அமைத்தால் நான் மதிப்பெண் குறைத்திருப்பேன்.

இரண்டாம் மூன்றாம் பகுதிகள் வேகமும் வலிமையும் உடையன. மூன்றாம் பகுதியின் முகப்பில் எல்வின் ஜோன்ஸ் முரசில் தனித்து வாசிப்பதும், முடிவில் கேரிசன் பெருவயலினில் தனித்து நடப்பதும் சிறப்பானவை. இசையறிஞர் இவற்றைப் பற்றி மிகுதியாய் எழுதியுள்ளனர். நான் நான்காம் பகுதிக்குச் செல்லுகிறேன்.

மாணவர் ஒலிக்கச் செய்ய விரும்பிய ஏழு நிமிடம் இதுவே. தட்டின் உறையில் கடிதத்தோடு கோல்ட்ரேன் எழுதிய ஒரு செபக்கவிதையும் அச்சிடப்பட்டிருந்தது. நான்காம் பகுதியில் சாக்ஸபோன் செய்வதெல்லாம் அக்கவிதையை, சொற்களை ஒலிக்காமல், அசை அசையாக ஓதுவதே. லூயிஸ் போர்ட்டர் என்னும் இசை ஆய்வாளர் கவிதையையும் இசையையும் அடுத்தடுத்து வைத்து இதனை நிறுவினார். உறையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கும் எவரும் சோதித்துப் பார்க்கலாம். கடவுளுக்கு நன்றி கூறும் சிறு தொடர் வருமிடந்தோறும் குழல் அடிச்சுருதிக்கு இறங்கி வந்து நிற்கிறது, 136ஆம் சங்கீதத்தின் பல்லவியைப்போல. தாளக்கட்டு இல்லை, முரசுக்காரர் பெருமுரசுகளை உருட்டிப் பின்னணியில் ஓர் அலையை எழுப்பிக்கொண்டிருக்கிறார். கறுப்பினப் போதகர் பிரசங்கத்தின் உச்சத்தில் பேச்சை இசையாக்கி ஒரே சுரத்தில் நின்று முழங்குவதுண்டு. அம்முறையே இங்குக் குழலுக்கு வந்திருக்கிறது என்று போர்ட்டர் காட்டுகிறார். பாட்டனார்களின் பிரசங்க பீடம் பேரனின் கருவிக்குள் இருந்தது. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் மரபில் காலட்சேபம் செய்வோர், தாளத்தை நிறுத்திவிட்டு விருத்தம் பாடுகையில் சொல்லின் நீளத்துக்கேற்ப இராகம் நீண்டு சுருங்குவதைக் கேட்டவர்கள் இந்நடையை எளிதில் அடையாளம் காண்பர்.

இப்பகுதிக்கு ஆங்கிலத்தில் அவர் இட்ட பெயர் திருமறையின் சங்கீதத்தையே குறிக்கும். நம் மொழியிலோ சங்கீதம் என்ற ஒரே சொல் தாவீதின் நூலையும் இசைக்கலையையும் சுட்டுகிறது. தமிழ்த் திருமறையாளர் நமக்குத் தந்த இந்த இரட்டைப் பொருளை நாம் பெரும்பாலும் மறந்தே வாசிக்கிறோம். சங்கீதம் என்றால் நமக்கு அதிகாரமும் வசனமுந்தான். மாணவர் என்னிடம் “இதுவும் ஒரு சங்கீதந்தான்” என்றபோது இரண்டு பொருளிலும் சரியாகவே சொன்னார். நான் அதைச் சொல் விளையாட்டென்று எண்ணினேன்.

இத்தனை சொன்ன பின்பும் என் மூன்றாம் ஆட்சேபம் எஞ்சியிருக்கிறது. செபக்கவிதையில் கடவுளின் பெயர் நிறைந்திருக்கிறது. கிறிஸ்துவின் பெயர் இல்லை. நைமா இஸ்லாமியர், அவரால் கோல்ட்ரேனின் சமய நாட்டம் விரிவடைந்தது. 1961இல் ‘இந்தியா’ என்னும் இசையை வாசித்தார். சித்தார் மேதை ரவி சங்கரிடம் பெருமதிப்புக் கொண்டு, 1965இல் பிறந்த தம் மகனுக்கு ரவி என்று பெயரிட்டார். அதே ஆண்டின் ஒரு பதிவுக்கு ‘ஓம்’ என்று பெயர். மற்றொரு பதிவான ‘மெடிட்டேஷன்ஸ்’ தட்டில் முதல் இசைக்குப் பிதா குமாரன் பரிசுத்த ஆவி என்று பெயர்! ஒரு சில மாத இடைவெளியில் இரண்டும். அவரை நம் விசுவாசப் பிரமாணத்துக்குள் அடக்கிவிட விரும்பும் கிறிஸ்தவ எழுத்தாளர்கள் ‘ஓம்’ என்பதைச் சொல்லாமல் விடுகின்றனர். அவரை வேறெங்கோ சேர்க்க விரும்புவோர் பாட்டனார்களைச் சொல்லாமல் விடுகின்றனர். இரு சாராரும் செய்வது வெட்டி ஒட்டும் வேலை. அவரே தம்மை எல்லாச் சமயங்களிலும் நம்பிக்கையுடையவர் என்று சொல்லியிருக்க, அவர் இறந்த பின் நாம் அவருக்கு ஞானஸ்நானம் கொடுப்பது முறையன்று.

ஆனால் இதனின்று நான் முன்பு எடுத்த முடிவு பின்தொடருமா? கிருபை என்னும் சொல்லை அவர் எங்கே கற்றார்? உபநிடத மொழிபெயர்ப்புகளைப் படித்து அச்சொல்லை எழுதவில்லை. தகுதியற்றவனுக்கு வந்தது, கேட்டதற்கு மேலாக வந்தது, தான் விலகியபோதும் விலகாதது என்னும் பொருளில் அச்சொல்லைக் கையாளுபவர் மெதடிஸ்ட் இல்லத்தில் வளர்ந்தவர். அவர் சென்ற தூரத்துக்கெல்லாம் அந்த இலக்கணம் கூடவே சென்றது. விசுவாசத்தின் பொருள் தெளிவற்றுப்போனது என்று நான் கூறினால், அதே மூச்சில் விசுவாசத்தின் வடிவம் அழியவில்லை என்றும் கூறவேண்டும். பொருளைச் சரியாக வைத்துக்கொண்டு வடிவத்தை இழந்த சபைகளை நான் அறிவேன். அவற்றிலொன்றில் ஆயராகவும் இருந்தேன்.

1965க்குப் பிற்பட்ட இசையைப் பற்றி மனச்சான்றோடு எழுதவேண்டும். அவ்வாண்டு ஜூன் மாதம் பதினொரு கலைஞர்களைச் சேர்த்து ‘அசென்ஷன்’ பதிவு செய்தார். பரமேறுதல் என்பது பொருள். ஏறக்குறைய 40 நிமிடம் கூட்டுக் குழல்களின் கதறல். சேர்ந்திசையும் தனியிசையும் மாறி மாறி வருகின்றன என்று விளக்கக் குறிப்புகள் சொல்லுகின்றன. கேட்கும்போது எனக்கு எஞ்சுவது களைப்பே. கூட்டம் கலைந்து வெளியேறுவதும் உண்டாயிற்று. தம் பியானோவே தமக்குக் கேட்கவில்லை என்று மக்காய் டைனர் அவ்வாண்டு இறுதியில் விலகினார். எல்வின் ஜோன்ஸும் பின்தொடர்ந்தார். ரவி சங்கரோ கோல்ட்ரேனின் இசையில் தாம் உணர்ந்த கொந்தளிப்பைக் குறித்து வியந்தார். இந்தியாவின் சமயங்களில் அமைதியைத் தேடுபவரின் இசை ஏன் அமைதியடையவில்லை என்பது அவர் கேள்வி. நல்ல கேள்வியே. ஆனால் அமைதியே ஆவிக்குரிய வாழ்வின் அடையாளம் என்று திருமறை எங்கும் வரையறுக்கவில்லை. யாக்கோபு விடியுமட்டும் போராடினான். சொல்லில் அடங்காத பெருமூச்சோடு ஆவியானவர் வேண்டுதல் செய்கிறார் என்று ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 8ஆம் அதிகாரம் கூறுகிறது. பிந்திய கோல்ட்ரேனை நான் இவ்வாறு புரிந்துகொள்ள முயலுகிறேன். இருப்பினும் பெருமூச்சு எனப்படுவதெல்லாம் செபமாகிவிடாது. ‘அசென்ஷன்’ எனக்கு இன்னும் செபமாகவில்லை. குறை என் செவியிலா அவர் இசையிலா என்பதை இசை கற்ற ஆயர்கள் எழுதினால் நன்று.

1966 ஜூலையில் ஜப்பானுக்குச் சென்றபோது, அணுகுண்டு வீழ்ந்த நாகசாகியில் நினைவிடத்தின்முன் நின்று செபித்தார். அப்பயணத்தில் ஒரு பேட்டியாளர், எதிர்காலத்தில் என்னவாக விரும்புகிறீர் என்று கேட்டதற்கு, பரிசுத்தவானாக விரும்புவதாகச் சிரித்துக்கொண்டே விடையளித்தார். ஓராண்டு கழித்து, 1967 ஜூலை 17ஆம் நாள், ஈரல் புற்றுநோயால் 40ஆம் வயதில் மரித்தார்.

அந்தச் சிரிப்பைச் சிலர் கேட்கத் தவறினர் போலும். சான் பிரான்சிஸ்கோ நகரில் பிரான்சோ கிங் என்பவரும் அவர் மனைவியும் கோல்ட்ரேன் பெயரால் ஒரு வழிபாட்டுக் கூட்டத்தை நிறுவினர். தொடக்கத்தில் அவரைக் கடவுளின் அவதாரமாகவே வணங்கினர். ஆலிஸ் 1981இல் அவர்கள்மேல் வழக்குத் தொடர்ந்தார். 1982இல் அக்கூட்டம் ஆப்பிரிக்க ஆர்த்தடாக்ஸ் சபையோடு இணைந்தபோது, அவதாரம் என்னும் கொள்கை கைவிடப்பட்டு, கோல்ட்ரேன் பரிசுத்தவான் என்னும் நிலைக்கு இறக்கப்பட்டார். சாக்ஸபோனிலிருந்து தீச்சுவாலை எழும் அவருடைய திருவோவியம் அங்கு உண்டு. அவர்கள் ஏழைகளுக்கு உணவளித்தனர் என்பதையும் சொல்லவேண்டும். சீர்திருத்தச் சபையினராகிய நமக்கு இதிலுள்ள இடறல் வெளிப்படை. ஆனால் என் ஆட்சேபம் பரிசுத்தவான் வணக்கத்தைப் பற்றிய நம் பழைய வாதமன்று. கிருபையால் பிழைத்தேன், பிறகும் தவறினேன் என்று எழுதியவரைக் கறையற்றவராக ஓவியத்தில் நிறுத்துவது, அவர் கொடுத்த சாட்சியையே அழித்துவிடுகிறது. நான் அவரைச் சிற்றாலயத்துக்கு வெளியே நிறுத்தியபோது அழித்ததும் அதே சாட்சியைத்தான்.

ஆலிஸின் வழி வேறு. கணவரின் மரணத்துக்குப் பின் அவர் நாடிய குருவான சுவாமி சச்சிதானந்தா நம் கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் பிறந்தவர். 1971இல் வெளிவந்த அவருடைய இசைத்தட்டு ஒன்றின் தலைப்பிலேயே அக்குருவின் பெயர் உள்ளது. பின்னர்க் கலிபோர்னியாவில் ஓர் ஆசிரமம் அமைத்து, 2007இல் மறையும்வரை பஜனைகளை நடத்தினார். அப்பஜனைகளைக் கேட்டால் வடமொழிச் சொற்கள் கறுப்பின ஆலயப் பாடல் மெட்டில் வருகின்றன. அது தனிக்கட்டுரைக்குரியது.

கோல்ட்ரேனின் அடக்க ஆராதனை 1967 ஜூலை 21ஆம் நாள் நியூயார்க் நகரத்துப் புனித பேதுரு லுத்தரன் ஆலயத்தில் நடைபெற்றது. ஜாஸ் கலைஞரிடையே ஊழியம் செய்வதையே தம் அழைப்பாகக் கொண்ட ஜான் கென்செல் என்னும் ஆயர் அச்சபையில் இருந்தார். அவர் இரவு விடுதிகளுக்குச் சென்று அவர்களைச் சந்தித்தவர்; இரவில் உழைத்து ஞாயிறு காலை உறங்குவோர் என்பதால் அவர்களுக்காக மாலை ஆராதனையை அமைத்தவர். ஆல்பர்ட் ஐலர் குழுவும் ஆர்னெட் கோல்மன் குழுவும் அன்று அவ்வாலயத்தில் வாசித்தன. இரண்டும் ‘அசென்ஷன்’ போன்ற கடுமையான இசையே. இடையில் கோல்ட்ரேனின் நண்பர் கால் மாஸி அந்தச் செபக்கவிதையை வாய்விட்டு வாசித்தார். கிறிஸ்துவின் பெயர் அதில் இல்லை என்பது அச்சபையாருக்கும் தெரிந்திருக்கும்.

2021இல், கோல்ட்ரேன் 1965 அக்டோபரில் சியாட்டில் நகரத்து விடுதியொன்றில் ‘எ லவ் சுப்ரீம்’ முழுவதையும் வாசித்த பதிவு வெளிவந்தது. அதனைக் கேட்ட பின்னரே அந்த மாணவருக்குக் கடிதம் எழுதினேன். இப்போது அவர் ஒரு கிராமச் சேகரத்தில் ஆயர். அனுமதி மறுத்தது தவறென்று எழுதி, விடுமுறையில் வந்தால் சிற்றாலயத்தில் அவரே அந்த வழிபாட்டை நடத்தலாம் என்றும், கவிதையைத் தமிழில் ஆக்கி முதலில் வாசித்து, பிறகு இசையை ஒலிக்கச் செய்தால் மாணவர்க்கு விளங்கும் என்றும் யோசனை கூறியிருந்தேன். நன்றி தெரிவித்து மறுமொழி எழுதினார். வர இசைந்தார். ஆனால் கவிதையை வாசிக்கத் தமக்கு விருப்பமில்லை என்றார். சொல்லை முதலில் கொடுத்துவிட்டால் எல்லாரும் சொல்லையே கேட்பார்கள், அருளுரையியல் வகுப்பில் போல, என்பது அவர் காரணம். அடுத்த லெந்து காலத்துக்குள் இதனைப் பேசித் தீர்க்க வேண்டியிருக்கிறது.